ஆயிரத்து எண்ணூறு வியாழன்கள்

வெப்கேமரா, கணினித் திரையின் மேல் உட்கார்ந்து முகம் காட்டுவதற்காகச் செய்யப்பட்ட பொருள். அதன் முன்னால் இருக்கும் பொடி லென்ஸைத் திருகிக் கழற்றிவிட்டு, தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் இருக்கும் துளையில் செருகினால், தொலைநோக்கியே அதற்கு லென்ஸாகிவிடும். உள்ளே இருக்கும் சிப் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம்தான், ஒரு துவரம்பருப்பு அளவு. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் இந்தக் கருவியால் நிலவின் பள்ளங்களையும் வியாழனின் பட்டைகளையும் சனியின் வளையத்தையும் படம்பிடிக்க முடிகிறது. விலை உயர்ந்த ஸ்டில் கேமராவால் ஒரே கிளிக்கில் எடுக்கும் படத்தைவிட இது பல நேரம் துல்லியமாகவும் அமைகிறது. காரணம் கேமராவில் இல்லை, தலைக்கு மேல் இருக்கும் காற்றில் இருக்கிறது.

கிணற்றின் அடியில் கிடக்கும் காசை மேலிருந்து பார்க்கும்போது, தண்ணீர் அசைந்தால் காசு நெளிகிறது, உடைகிறது, ஒரு கணம் சட்டென்று முழுசாகத் தெரிந்து மறுபடி நெளிகிறது. பூமியின் காற்று மண்டலம் அப்படிப்பட்ட ஒரு கிணறு. சூடும் குளிர்ச்சியுமான காற்றுத் திட்டுகள் இடைவிடாமல் கலப்பதால் கோளின் உருவம் விநாடிக்குப் பல முறை குலைந்து கூடுகிறது. கேமராவின் கண்ணை ஒரு விநாடி திறந்து வைத்தால் அந்த அத்தனை நெளிவும் ஒன்றாகக் கலந்து வெறும் மங்கலாகப் பதிவாகும். வெப்கேமரா எடுப்பது வீடியோ. விநாடிக்கு 30 படம் என்றால் ஒரு நிமிடத்தில் 1,800 படம். அவற்றில் பெரும்பாலானவை குப்பை. காற்று தற்செயலாக அடங்கிய கணத்தில் விழுந்த சில நூறு படங்களைப் பொறுக்கி எடுத்து அடுக்கினால், காற்றே இல்லாதது போன்ற ஒரு படம் கிடைக்கிறது.

தொழில்முறை வானியலில் இந்த எண்ணம் பழையது. அமைதியான கணம் வாய்ப்பதற்கான நிகழ்தகவை டேவிட் ஃப்ரீட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1978இல் கணக்கிட்டார். காற்றின் சீரான திட்டுகள் சராசரியாக 5 செ.மீ. அகலம் உள்ள ஓர் இரவில், 35 செ.மீ. கண்ணாடி கொண்ட தொலைநோக்கிக்கு ஏறக்குறைய 370 படங்களில் ஒன்று நன்றாக விழும். 50 செ.மீ. கண்ணாடி என்றால் பத்து லட்சத்தில் ஒன்று. கண்ணாடி பெரிதாகப் பெரிதாக அதிர்ஷ்டம் அவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது. தொடக்கக்காரர்கள் வாங்கும் 114 மி.மீ. தொலைநோக்கிக்கோ அதே இரவில் நல்ல படங்கள் அடிக்கடி விழும். ஏழைக்கு வாய்த்த சலுகை என்று இதைச் சொல்லலாம்.

இதே அடிப்படையில் ஒரு வேலை தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. நாமக்கல் மாவட்டத்து எருமப்பட்டியிலிருந்து நேர்கோட்டில் வடக்கே சுமார் 170 கி.மீ. போனால் ஜவ்வாது மலையில் காவலூர். அங்கே 1986 ஜனவரி 6 அன்று திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் 1990களில் மிகக் குறுகிய நேரப் படங்களைத் தொடர்ச்சியாக எடுத்து, காற்றின் குலைப்பைக் கணக்குப்போட்டு நீக்கிப் பார்த்தார்கள். செய்முறை வேறு, கருவியின் விலையும் ஒப்பிட முடியாதது. ஆனால் சண்டை ஒரே காற்றோடுதான்.

சாதாரண ஆட்களின் கைக்கு இந்த உத்தி வந்தது கடைச்சரக்கான கேமராக்களால். 1994இல் வந்த கனெக்டிக்ஸ் குவிக்கேம்தான் பரவலாக விற்ற முதல் வெப்கேமரா. 2000களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் நிறுவனத்தின் டூகேம் ப்ரோ வந்தது. அதற்குள் சோனியின் நல்ல சிசிடி சிப் ஒன்று இருந்ததை வானியல் ஆர்வலர்கள் கண்டுகொண்டார்கள். நெதர்லாந்தின் கோர் பெரெவூட்ஸ் 2002இல் ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருளை இலவசமாகக் கொடுத்தார். ஆயிரக்கணக்கான படங்களைத் தரம் பிரித்து அடுக்கும் வேலையை அது செய்தது. கேமராவும் மென்பொருளும் சேர்ந்த பிறகு, அதற்கு முன் பெரிய ஆய்வகங்களுக்கே வாய்த்த துல்லியம் வீட்டு மொட்டை மாடிக்கு வந்துவிட்டது.

அதற்கு நல்ல சாட்சி பிலிப்பைன்ஸின் செபு நகரத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கோ. வியாழனில் மூன்று வெள்ளைச் சுழல்கள் ஒன்றுசேர்ந்து உருவான புயல் ஒன்று சிவப்பாக மாறியிருப்பதை 2006 பிப்ரவரியில் முதலில் கண்டவர் அவர். அவருடைய தொலைநோக்கி 28 செ.மீ. விட்டம் உள்ளது. பெரியதுதான், ஆனால் ஒரு தனி ஆள் வாங்கக்கூடியது. 2010 ஜூன் 3 அன்று வியாழனில் ஏதோ மோதி ஒரு கணம் மின்னியதை ஆஸ்திரேலியாவின் ஆன்டனி வெஸ்லியும் கோவும் தனித்தனி ஊர்களிலிருந்து ஒரே நேரத்தில் வீடியோவில் பதிந்தார்கள்.

செபு இருப்பது வடக்கு அட்சரேகை 10 பாகைக்குச் சற்று மேலே. எருமப்பட்டி 11 பாகைக்குச் சற்று மேலே. இரண்டு ஊர்க்காரர்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே வானம். கோள்கள் போகும் பாதை இங்கே தலைக்கு நேர் மேலேயோ, அதிகம் தாழாமலோ அமைகிறது. 2019 ஜூனில் வியாழன் பூமிக்கு நெருங்கி வந்தபோது லண்டன்காரர்களுக்கு அது தொடுவானத்திலிருந்து 16 பாகைக்கு மேல் ஏறவே இல்லை. உச்சியில் பார்ப்பதைப்போல மூன்றரை மடங்கு காற்றைத் துளைத்துக்கொண்டுதான் அவர்கள் படம் எடுக்க வேண்டியிருந்தது. அதே மாதம் எருமப்பட்டியில் வியாழன் 56 பாகை உயரத்தில் நின்றது. ஊர்க் கோடியில் கோழிப்பண்ணை விளக்கு எரிவதும், துறையூர் சாலையில் லாரி வெளிச்சம் அடிப்பதும் இந்த வேலைக்குத் தடை இல்லை. நிலவும் கோள்களும் அத்தனை பிரகாசமானவை. இருட்டைத் தேடிக் கொல்லிமலைக்கு ஏற வேண்டிய தேவை மங்கலான நெபுலாக்களை விரட்டுகிறவர்களுக்குத்தான்.

இதே அட்சரேகை ஒரு தொல்லையும் கொடுக்கிறது. வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் ஈக்குவடோரியல் ஸ்டாண்டை வடதுருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். எருமப்பட்டியில் அது வெறும் 11 பாகை உயரத்தில், தென்னை மட்டைகளுக்குப் பின்னால் புழுதியில் மங்கிக் கிடக்கும். ஐரோப்பா, அமெரிக்காவை மனத்தில் வைத்துச் செய்த ஸ்டாண்டுகள் பல அவ்வளவு தாழ்வாகச் சாயாது. சாய்த்தால் எடைக் கம்பி ஸ்டாண்டின் காலில் இடிக்கும். திசைகாட்டியை வைத்து வடக்கைக் குறித்துக்கொண்டு, ஒரு காலை மட்டும் செங்கல் வைத்து உயர்த்திச் சமாளிக்க வேண்டியிருக்கும்.

கேமராவைத் தயார்செய்வது அரை நாள் வேலை. முதலில் லென்ஸ். சிலவற்றில் கையால் திருகினாலே வந்துவிடும், சிலவற்றில் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள், நிதானமாகச் சுரண்ட வேண்டும். லென்ஸோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் சின்னக் கண்ணாடித் தகடும் போய்விடும். அது இல்லாவிட்டால் நிறங்கள் வெளிறும், லென்ஸ் வகைத் தொலைநோக்கியில் உருவமும் மங்கும். தனியாக ஒரு தடுப்பு ஃபில்டர் வாங்கிக்கொள்வது நல்லது. கழற்றிய பிறகு சிப்பின் மேல் விரலோ தூசியோ படக்கூடாது. அதன் மேல் விழும் ஒரு துளித் தூசி கடைசிப் படத்தில் வியாழனின் மேல் கரும்புள்ளியாக வந்து உட்காரும்.

அடுத்தது கேமராவைத் தொலைநோக்கியில் பொருத்தும் குழாய். ஐபீஸ் துளையின் அளவு பெரும்பாலும் ஒன்றேகால் அங்குலம், அதாவது 31.75 மி.மீ. மேல்நாடுகளில் முன்பு பிலிம் ரோல் வரும் பிளாஸ்டிக் டப்பாவை அடி வெட்டிப் பயன்படுத்தினார்கள், அது ஏறத்தாழ அதே அளவு. இன்று பிலிம் டப்பாவுக்கு எங்கே போவது? தோட்டத்துப் பம்புசெட்டுக்கு வாங்கும் 32 எம்.எம். பிவிசி பைப் இருக்கிறதே, அதன் வெளிவிட்டம்தான் 32. கால் மில்லிமீட்டர்தான் அதிகம். மூன்று அங்குலத் துண்டாக வெட்டி, உப்புத்தாளால் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் பத்து நிமிடத்தில் துளைக்குள் இறுக்கமாக இறங்கும். பைப்பின் உட்புறம் ஒளி தெறிக்காமல் இருக்கக் கறுப்புத் தாள் ஒட்டி, மறுமுனையில் கேமராவை நடுவாக வைத்து எம்-சீல் போட்டு ஒட்டிவிடலாம். நடுவாக, சாய்வில்லாமல் என்பது முக்கியம். சாய்ந்தால் படத்தின் ஒரு ஓரம் எப்போதும் மங்கலாகவே இருக்கும்.

தொலைநோக்கிக்கும் கேமராவுக்கும் உள்ள பொருத்தத்தைக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். வானில் சிறிய அளவுகளை விகலையில் சொல்வார்கள், ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு. பத்து ரூபாய் நாணயத்தை ஐந்தரைக் கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்த்தால் அது ஒரு விகலை. 114 மி.மீ. தொலைநோக்கி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய நுணுக்கமும் அவ்வளவுதான். வியாழன் நெருங்கி வரும்போது சுமார் 45 விகலை அகலம், அதே நாணயம் 124 மீட்டரில் இருப்பதுபோல. கேமராவின் ஒரு பிக்சல் 3 மைக்ரான், தொலைநோக்கியின் குவியத்தூரம் 900 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், வியாழன் 65 பிக்சல் அகலத்தில் விழும். இரண்டு மடங்கு பெரிதாக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றை நடுவில் வைத்தால் 130 பிக்சல். அதற்கு மேல் பெரிதாக்கினால் உருவம் வளரும், விவரம் வளராது. ஐந்து மடங்கு பார்லோவை விற்கிற கடைக்காரர் இதைச் சொல்வதில்லை.

படம் எடுக்கப் பொழுது பார்க்க வேண்டும். வானம் தெளிவாக இருப்பது வேறு, காற்று அமைதியாக இருப்பது வேறு. மழை விட்ட மறுநாள் நட்சத்திரங்கள் வைரமாய் மின்னினால் கவிஞருக்கு நல்லது, கேமராவுக்கு ஆகாது, மின்னுவது என்றாலே காற்று கலங்குகிறது என்றுதான் பொருள். தை, மாசியில் லேசான பனிமூட்டத்தோடு நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கும் இரவுகள் வெளிறித் தெரியும், ஆனால் அவையே சிறந்தவை. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த காங்கிரீட் மாடி, முன்னிரவு முழுக்க அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். தார் ரோட்டின் மேல் கானல் அலைவதுபோல அந்த அனல் தொலைநோக்கியின் முன்னால் அலையும். மண் தரையோ புல் தரையோ மேல். தகரக் கூரைக்கு மேலாகவோ கோழிப்பண்ணையின் ஷெட்டுக்கு மேலாகவோ கோளைப் பார்க்காத இடமாக ஸ்டாண்டை நிறுத்த வேண்டும். தொலைநோக்கியையும் ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்து ஆறவிட வேண்டும், கண்ணாடியின் சூடே உருவத்தைக் குலைக்கும்.

முதல் முறை செய்பவர்கள் சலித்துப்போவது கோளை அந்தப் பருப்பளவு சிப்பில் விழவைப்பதில்தான். பகலிலேயே தொலைவில் ஒரு செல்போன் டவரையோ கொல்லிமலை விளிம்பில் தனியாக நிற்கும் மரத்தையோ பார்த்து, குறிபார்க்கும் சிறு தொலைநோக்கியான ஃபைண்டரைப் பெரிய தொலைநோக்கியோடு நேர்ப்படுத்திக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். இரவில் முதலில் ஐபீஸில் கோளை நட்டநடுவில் கொண்டுவந்து, பிறகு அதை எடுத்துவிட்டுக் கேமராவைச் செருக வேண்டும். மோட்டார் இல்லாத ஸ்டாண்டில் வானம் விநாடிக்கு 15 விகலை நகரும். மூன்றே விநாடியில் வியாழன் தன் அகலத்தைக் கடந்துவிடும். 1,280 பிக்சல் அகலமுள்ள சிப்பின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேற, பார்லோவோடு அரை நிமிடம்தான். ஆனால் அது குறை இல்லை. கோளைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தி, ஸ்டாண்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, அது தானாக ஊர்ந்து கடக்கும்வரை பதிந்து, மறுபடி நிறுத்திப் பதியலாம். படங்களை ஒன்றன் மேல் ஒன்று பொருத்துவதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது ஃபோகஸ். குமிழைத் தொட்டாலே திரையில் உருவம் துள்ளும். குமிழில் ஒரு துணி கிளிப்பைக் கவ்வவிட்டு, அதன் நுனியை ஒற்றை விரலால் தள்ளினால் அசைவு பொடியாகிவிடும். வியாழனின் நிலவு ஒன்றைப் பார்த்து, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை நகர்த்த வேண்டும். ஷார்ப்கேப் போன்ற பதிவு மென்பொருளில் தானியங்கி வெளிச்சம், தானியங்கி நிறம் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். கறுப்பு வானத்தின் நடுவே ஒரு சிறு வட்டத்தைப் பார்த்த கேமரா, இருட்டு என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தை ஏற்றும், கோள் வெள்ளைப் பொட்டாகிவிடும். திரையில் கோள் கொஞ்சம் மங்கலாக, சோர்ந்தாற்போல் தெரியும் அளவில் வைப்பதே சரி.

வீடியோவைச் சுருக்காமல் பதிவதும் முக்கியம். சுருக்கும்போது கேமரா படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி விவரத்தைத் தின்றுவிடும், தின்றது திரும்பாது. 640க்கு 480 அளவில் சுருக்காத ஒரு படம் ஆறு லட்சத்துச் சொச்சம் பைட், விநாடிக்கு 30 படம் என்றால் ஒரு நிமிடம் 1.1 ஜிபி. மடிக்கணினியில் இடம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெரிய சிப் உள்ள கேமராவில் 640 அளவைத் தேர்ந்தெடுத்தால், சிலது நடுப்பகுதியை மட்டும் வெட்டித் தரும், சிலது முழுப் படத்தையும் சுருக்கித் தரும். பின்னது என்றால் மேலே போட்ட கணக்கு பாதியாகிவிடும். நிலவைப் படமெடுத்து இரண்டு அளவிலும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

முதல் இலக்கு நிலவாக இருப்பது நல்லது. பெரியது, தேட வேண்டியதில்லை, ஃபோகஸ் தவறினால் உடனே தெரியும். பௌர்ணமியைவிட அஷ்டமியை ஒட்டிய நாட்களில், வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டருகே பள்ளங்களின் நிழல் நீண்டு கிடக்கும். 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்நிக்கஸ் பள்ளத்தின் படிக்கட்டுச் சுவர்கள் இந்தச் சின்னக் கருவியிலேயே பதிவாகும். தொலைநோக்கியின் எல்லை நிலவில் கிட்டத்தட்ட இரண்டு கி.மீ., அதைவிடச் சிறியது தெரியாது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய சிவசக்தி முனை, நிலவின் தெற்கே 69 பாகையில், ஓரத்துப் பள்ளங்களின் நெரிசலில் இருக்கிறது. அந்தப் பகுதியைப் படம்பிடிக்கலாம், இறங்கிய கலத்தை முடியாது. படத்தில் வெளிறித் தெரியும் மேட்டுநிலங்கள் அனார்த்தோசைட் என்ற பாறையால் ஆனவை, கருமையான சமவெளிகள் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட். அந்த அனார்த்தோசைட் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கிறது. சந்திரயான் கலத்தை இறக்கியும் ஊர்தியை ஓட்டியும் பார்க்க இஸ்ரோ உருவாக்கிய செயற்கை நிலவு மண்ணுக்கு, 2012 முதல் இங்கிருந்து 50 டன் மண் போயிருக்கிறது. எருமப்பட்டித் தோட்டத்தில் நின்று நிலவைப் படமெடுக்கிறவர், தம் மாவட்டத்துப் பாறையின் ஒன்றுவிட்ட உறவைத்தான் படமெடுக்கிறார்.

கோளுக்கு வந்தால் நேரக் கட்டுப்பாடு ஒன்று உண்டு. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும். மூன்று நிமிடத்துக்கு மேல் பதிந்தால் அதன் சுழற்சியே படத்தைக் கலைக்கத் தொடங்கும். சனிக்கும் ஏறத்தாழ அதே வேகம், ஆனால் அதன் மேல் தனித்துத் தெரியும் அடையாளங்கள் குறைவு என்பதால் கூடுதல் நேரம் எடுக்கலாம்.

பிறகு கணினி வேலை. ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற இலவச மென்பொருளில் வீடியோவைக் கொடுத்தால், ஒவ்வொரு படத்தின் தெளிவையும் அளந்து நல்லதிலிருந்து கெட்டது வரை வரிசைப்படுத்தும். 1,800இல் முதல் 300, 400 மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, மலிவுச் சிப்பின் சொரசொரப்பு தன்னைத்தானே அடித்துக்கொண்டு மறைகிறது. படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு அது குறையும், 400 படத்துக்கு 20 மடங்கு. கேமராவின் விலைக்கும் படத்தின் தரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோவது இந்த இடத்தில்தான். அடுக்கி வந்த படம் மொழுமொழுவென்று ஏமாற்றமாக இருக்கும். அதை ரெஜிஸ்டாக்ஸில் போட்டு, கூர்மையாக்கும் 'வேவ்லெட்' ஸ்லைடர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் மங்கலுக்கு அடியிலிருந்து பட்டைகளும் சிவப்புப் பொட்டும் எழுந்து வரும். தொடக்கக்காரர்களின் கை நிற்காத இடமும் இதுவே. கோளின் விளிம்பைச் சுற்றி வெள்ளை வளையமும் உடம்பில் வெங்காயச் செதிலும் தோன்றினால் இழுத்தது அதிகம், பின்வாங்க வேண்டும்.

இதே கேமராவால் நெபுலாவையும் விண்மீன் மண்டலங்களையும் எடுக்க முடியாது. அதன் கண் விநாடியில் சிறு பங்குதான் திறக்கும், அவற்றுக்கோ நிமிடக்கணக்கு வேண்டும். சூரியனுக்குத் தொலைநோக்கியின் வாய்ப்பக்கம் முழுவதையும் மூடும் சூரிய ஃபில்டர் இல்லாமல் கிட்டவே போகக்கூடாது. கேமரா கருகுவது சின்ன நஷ்டம். ஃபைண்டரில் யாராவது எட்டிப் பார்த்துவிட்டால் கண் போனதுதான்.

சனி 2026 அக்டோபரில் பூமிக்கு நெருங்குகிறது. புரட்டாசி மழைக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவே விடும் இரவுகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 2027 பிப்ரவரி அதைவிடத் தோதானது. அந்த ஒரே மாதத்தில் வியாழனும் செவ்வாயும் நெருங்கி வருகின்றன, இரண்டும் நள்ளிரவில் எருமப்பட்டியின் உச்சிக்கு அருகே, மாசிப் பனியில் நிற்கும். செவ்வாய் அப்போது சுமார் 14 விகலை, பார்லோ வைத்தால் 40 பிக்சல் அகலமான ஒரு செம்மண் பொட்டு. அதன் துருவத்து வெண்பனி இரண்டு மூன்று பிக்சலுக்குள் அடங்கிவிடும்.